உடைந்த உலோகமும் ஒட்டும் பசையும்



மன்னார்த் தீவில் வாழ்வோருக்கு உப்பைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சோளகம் வீசினும் வாடை வீசினும் காற்றோடு உப்பும் எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்கிறது. யன்னற் கம்பியும், படலையின் பிணைச்சலும், துவிச்சக்கர வண்டியும், பாடசாலைக் கிணற்று நீர்ப்பம்பியும் அதற்கு இரையாகின்றன. ஆதலால் உடைந்த உலோகத்தை என்ன செய்வது என்னும் வினா எமக்கு வாழ்க்கையோடு ஒட்டிய வினாவாகும்.

நான் வரலாறும் இலக்கியமும் கற்றவன். இயந்திரக்கலை பயின்றவன் அல்லன். எனினும் சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒரு சம்பவம் இவ்விடயத்தை ஆராயுமாறு என்னைத் தூண்டியது. எமது பாடசாலை மாணவன் ஒருவன் இரண்டு நாள்கள் வகுப்புக்கு வரவில்லை. அவன் தந்தையார் மீன்பிடித் தொழிலாளி. அவருடைய படகின் வெளியிணைப்பு இயந்திரத்திலே, குளிர்நீர் ஓடும் பகுதியை மூடியிருந்த அலுமினிய மூடி உப்பரித்து வெடித்துவிட்டது. புதிய மூடி வாங்கக் கையிலே பணமில்லை. ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை வாங்கி, வெடிப்பின்மேல் தடவி, அன்று மாலையே கடலுக்குப் புறப்பட்டுவிட்டார். நள்ளிரவில் பசை கழன்றது. நீர் வெளியே பீறிட்டது. இயந்திரம் சூடேறி நின்றது. காற்றும் நீரோட்டமும் படகைக் கடல் எல்லையை நோக்கி இழுத்துச் சென்றன. 1974 ஆம், 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே வகுக்கப்பட்ட அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாதது; ஆனால் அதனைக் கடந்தவர் படும் பாட்டை எங்கள் கரையோர மக்கள் நன்கறிவர். விடியற்காலையில் ஊர்ப் படகொன்று கண்டு கட்டியிழுத்து வந்ததால் அவர் தப்பினார்.

மறுநாள் அம்மாணவன் என்னிடம் வந்து, “சேர், பசை பிழையா, அப்பா ஒட்டினது பிழையா?” என்று கேட்டான். அன்று என்னிடம் விடையில்லை. பின்னர் எமது தொழில்நுட்ப ஆசிரியரிடமும், இயந்திரம் திருத்தும் அன்பர் ஒருவரிடமும், நூல்களிலும் தேடிக் கண்ட விடையையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

ஒட்டுந் தொழில் எமக்குப் புதியதன்று. பொற்கொல்லர் அரக்கைப் பயன்படுத்தினர். படகு கட்டுவோர் பலகைகளின் இடைவெளியிற் பஞ்சைத் திணித்துக் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசினர். ஆனால் உடைந்த உலோகத்தை இணைக்க வேண்டுமாயின் கம்மாலைக்கே செல்ல வேண்டும். அங்கே நெருப்பும் பற்றாசும் வேண்டும். அலுமினியமோ அதற்கும் எளிதில் இணங்காது. காற்றுப் பட்ட கணமே அதன்மீது மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படிந்துவிடும். அதனை உருக்கி இணைப்பதற்குத் தனிக் கருவியும், ஆகன் போன்ற வாயுவின் காப்பும், தேர்ந்த கையும் தேவை. வார்ப்பிரும்பும் சூட்டினால் மீண்டும் வெடிக்கக்கூடியது. இவ்விடத்திலேதான் எப்பொக்சிப் பசை எமக்குத் துணையாக வருகின்றது.

இப்பசையின் வரலாறு ஒரு பற்கட்டும் தொழிலிலே தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும். சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் பியர் காஸ்தான் என்பார் செயற்கைப் பற்களுக்கு ஏற்ற பொருளொன்றைத் தேடியபோது இப்பிசினை உருவாக்கினார். 1938 ஆம் ஆண்டில் அதற்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். பாசல் நகரத்துச் சீபா நிறுவனம் அவ்வுரிமையைப் பெற்று, உலகப் போர் முடிந்தபின் 1946 ஆம் ஆண்டில் அரல்டைற் என்னும் பெயருடன் பசையை வெளியிட்டது. அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பாரும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்துறையிற் பணியாற்றினார்.

இப்பசை இரண்டு குழாய்களில் வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒன்றிலிருப்பது பிசின், மற்றையதில் இருப்பது அதனை இறுகச் செய்யும் வன்மையாக்கி. தனித்தனியே வைத்தால் இரண்டும் நீண்ட காலம் கூழாகவே இருக்கும். கலந்தவுடன் இரசாயனத் தாக்கம் தொடங்கி வெப்பம் வெளிப்படுகின்றது. வலை பின்னுவதை எண்ணிப் பாருங்கள். தனி நூலிழைகள் கைக்குள் நழுவும். முடிச்சிட்டுப் பிணைத்துவிட்டாலோ பெருமீனையும் தாங்கும். பிசினின் மூலக்கூறுகள் நூலிழைகளைப் போன்றவை. வன்மையாக்கியே அவற்றுக்கு முடிச்சிடுகின்றது. அளவு குறைந்தால் முடிச்சுகள் குறையும். கூடினால் முடிச்சிடாத வன்மையாக்கி எஞ்சி நிற்கும். இரு வழியும் பசை நலிந்துவிடும். எனவே பொதியின்மேல் குறித்த அளவைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாகாது.

இனிப் பசையின் வலிமையைச் சற்று ஆராய்வோம். சாதாரண உருக்குக் கம்பியொன்றின் குறுக்குவெட்டு ஒரு சதுரச் சென்ரிமீற்றர் எனின், அது ஏறத்தாழ 4000 கிலோகிராம் இழுவையைத் தாங்கும். நன்கு இறுகிய எப்பொக்சிப் பசை அதே பரப்பில் தாங்குவது சில நூறு கிலோகிராம் மட்டுமே. ஆதலால் முறிந்த கம்பியின் இரு முனைகளையும் முகத்தோடு முகம் வைத்து ஒட்டினால், அது பழைய கம்பியாகிவிடாது.

ஆனால் தகட்டின்மேல் தகட்டைப் படியவைத்து ஒட்டினால் நிலைமை வேறு. அவ்வாறு ஒட்டிய ஓர் அங்குலச் சதுரப் பரப்பு, தகடுகளை எதிரெதிராக இழுக்கும்போது 600 கிலோகிராமுக்கு மேலும் தாங்கவல்லது. ஆயினும் அதே தகட்டின் ஓரத்தில் உளியை நுழைத்து நெம்பினால் சிறு விசையிலேயே உரிந்துவிடும். கடித உறையில் ஒட்டிய முத்திரையை விரலால் தள்ளிப் பாருங்கள், அசையாது. அதன் மூலையைக் கிளப்புங்கள், உரிந்து வரும். ஆகவே பசைக்கு அகன்ற பரப்பைக் கொடுக்க வேண்டும். உரிக்கும் விசை அதன்மேல் விழாதபடி பார்க்க வேண்டும். சிட்னி நகரத்து இசையரங்கத்தின் ஓடு போன்ற கூரையிலே கொங்கிரீற்றுத் துண்டுகளை எப்பொக்சியால் இணைத்தனர். ஆயினும் அவற்றின் ஊடாக உருக்கு வடங்களையும் செலுத்தி இறுக்கினர். பசையின் பணி எது, உருக்கின் பணி எது என்பதை அறிந்தே அக்கட்டடத்தை அமைத்தார்கள். 1973 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அது இன்றும் நிற்கின்றது.

ஒட்டும் முறையை இப்பொழுது படிப்படியாகக் கூறுகின்றேன். முதலாவது, கடலிற் பயன்பட்ட பொருளாயின் நன்னீரில் ஊறவைத்துப் பலமுறை கழுவ வேண்டும். உப்பு எஞ்சியிருந்தால் அது ஈரத்தை ஈர்த்துப் பசையின் அடியிலேயே அரிப்பைத் தொடங்கிவிடும். இரண்டாவது, உலர்ந்தபின் அசற்றோன் போன்ற திரவத்தைத் தூய துணியில் நனைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். மூன்றாவது, மணற்கடதாசியால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும். ஆதலால் இவ்வொழுங்கு மாறலாகாது. தேய்த்த தூசையும் மீண்டும் துடைத்துவிடுக.

பரப்புத் தூயதா என்றறிய எளிய சோதனையொன்று உண்டு. சிறிது தூய நீரை அதன்மீது விடுங்கள். நீர் மெல்லிய படலமாகப் பரவி நின்றால் தூய்மை போதும். சேம்பிலையில் விட்டதுபோல் முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கின்றது. மீண்டும் துடைத்துத் தேய்க்க வேண்டும்.

சோதனை முடிந்தபின் ஈரமின்றி நன்றாக உலர்த்தித் தாமதியாமல் ஒட்டுக. வெடிப்பாயின் அதன் இரு நுனிகளிலும் சிறு துளையிட வேண்டும். அது வெடிப்பு மேலும் ஓடாமல் தடுக்கும். வெடிப்பின் நீளத்துக்கு ஆழமற்ற சால் கீறி, அதற்குள் பசையை அழுத்தி நிரப்புக. அதன்மேல், இரு பக்கமும் இரு விரலகலம் தாண்டுமாறு கண்ணாடி நார்த் துணியைப் பசையில் தோய்த்துப் படியவைத்தால் பாரம் பரந்து செல்லும். பசையைச் சிறிது சிறிதாகவே கலக்குக. எமது வெப்பமான நாட்டில் பெருங் குவியலாகக் கலந்தால் தடவுமுன்னரே சூடேறி இறுகிவிடும். பின்னர் அசையாது இலேசாக இறுக்கிக் கட்டி, குறைந்தது ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும். முழு வலிமை வரப் பின்னும் சில நாள்கள் செல்லும். ஐந்து நிமிடப் பசை அவசரத்துக்கு உதவுமாயினும், நீரையும் சூட்டையும் தாங்குவதில் மெல்ல இறுகும் பசைக்கு ஈடாகாது.

கைகளைக் காப்பதும் மறக்கற்பாலதன்று. இறுகாத பிசினும் வன்மையாக்கியும் தோலில் பட்டால் சிலருக்குக் கடியும் தடிப்பும் உண்டாகும்; ஒருமுறை உண்டானால் பின்னர் சிறிதளவு பட்டாலும் தோன்றும். கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்கு அப்பால் வேலை செய்க.

இனி, எதனை ஒட்டலாம், எதனை ஒட்டலாகாது என்பதே தலையாய வினா. குளிர்ந்த நீர்க் குழாயின் கசிவு, நீர்ப்பம்பியின் வெளியுறை, தண்ணீர்த் தாங்கியின் ஊசித்துளை, கைபிடி, பாரந் தாங்காத மூடி ஆகியவற்றை ஒட்டலாம். குடிநீர் படும் இடமாயின் அதற்கெனச் சான்றளிக்கப்பட்ட பசையே வேண்டும். சாதாரண பசை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மெல்ல மெல்ல இளகத் தொடங்கும். எனவே அடுப்பில் ஏறும் பாத்திரத்தையும் இயந்திரத்தின் சூடான பகுதிகளையும் அதனிடம் ஒப்படைக்கலாகாது. சுழலி இலை, சுழல்தண்டு, சுக்கான், தடுப்புக்கட்டை, வண்டியின் முன்கவை, பாரம் தூக்கும் கொழுக்கி, எரிவாயு உருளை ஆகியவற்றையும் பசையால் திருத்த எண்ணவே கூடாது.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தைத் துன்பத்தின் மூலம் கற்றன. 1988 ஆம் ஆண்டு ஏப்பிரல் 28 ஆந் திகதி, ஹவாய்த் தீவுகளுக்கிடையே 95 பேருடன் பறந்த அலோகா நிறுவனத்தின் போயிங் விமானமொன்றின் கூரைப்பகுதி நடுவானிற் பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் வானில் வீசப்பட்டு உயிரிழந்தார். விமானம் அரும்பாடுபட்டுத் தரையிறங்கியது. அதன் தகடுகளின் இணைப்பில் எப்பொக்சி தோய்ந்த துணி இடப்பட்டிருந்தது. அவ்விணைப்பு விடுபட, ஈரம் புகுந்து அரிப்பு ஏற்பட்டது. பாரம் முழுவதும் தறையாணிகளின்மேல் விழ, அவற்றின் துளைகளைச் சுற்றி வெடிப்புகள் வளர்ந்தன. அதுவும் தீவுகளுக்கிடையே உப்புக் காற்றிற் பறந்த விமானமே. பசை விடுபட்டது வெளியிலிருந்து பார்த்தவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. இதுவே பசையின் பெருங் குறை. கயிறு நைந்தால் முன்னரே தெரியும். பசை விடும்போது சொல்லிக்கொண்டு விடுவதில்லை.

இதனால் எப்பொக்சியை இகழ்ந்தேன் என எண்ணற்க. மன்னாரின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகளை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அத்தகைய காற்றாலைகளின் நெடிய இறகுகள் நாரையும் எப்பொக்சி போன்ற பிசினையும் சேர்த்தே செய்யப்படுகின்றன. அளவறிந்து, பரப்பறிந்து, பாரத்தின் திசையறிந்து செய்யும்போது பசை அரும்பணி ஆற்றுகின்றது.

அம்மாணவனின் கேள்விக்கு வருகின்றேன். பசையிற் பிழையில்லை. உப்பும் எண்ணெயும் நீக்காத பரப்பில், சூடும் அதிர்வும் மிக்க இடத்தில், இறுக நேரமும் கொடாமல் ஒட்டியதே பிழை. ஆனால் அதனை அவன் தந்தையாரின் பிழை என்று மட்டும் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒருநாள் கடலுக்குப் போகாவிடின் அடுப்பெரியாத வீட்டில், ஒரு நாள் காத்திரு என்பது எளிய அறிவுரையன்று. ஆதலால் கடற்றொழிலாளர் சங்கங்கள் அடிக்கடி பழுதாகும் உதிரிப் பாகங்கள் சிலவற்றைப் பொதுவிலே வாங்கி வைத்து, தேவைப்படுவோருக்குக் கடனாக வழங்கினால் பல உயிர்கள் காக்கப்படும். படகு தோறும் இரண்டு துடுப்புகளும் ஒரு நங்கூரமும் ஒரு விளக்கும் இருத்தல் வேண்டும்.

ஒட்டிய பொருளைக் கையிலெடுக்கும்போது ஒரு வினாவை உங்களுக்குள் கேளுங்கள்: “இது இப்பொழுதே விட்டுப்போனால் என்ன நேரும்?” நீர் சிந்தும் என்பது விடையாயின் தயங்காது பயன்படுத்துக. வீட்டுக்கு ஒருவர் திரும்பி வரமாட்டார் என்பது விடையாயின் புதிய பாகம் வரும்வரை படகு கரையிலேயே கிடக்கட்டும்.