எறியும் தளர்ச்சியும்

கூடைப்பந்தாட்டத்தில் வல்லவனெனப் பெயர்பெற்ற கல்லூரி மாணவனொருவன் தொடர்ந்து ஐந்து எறிகளிற் குறிதவறின், கை தளர்ந்ததெனக் கூறி அவனை வெளியே இருத்துவர். இஃது ஆராயத்தக்கது. 100 எறிகளில் 40ஐ வலையிலிடுபவன், ஓர் எறி மற்றதைச் சாராதெனக் கொள்ளின், அடுத்த ஐந்தையும் தவறவிடும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 8 ஆகும். ஒரு பருவத்தில் 300 முறை எறிபவனுக்கு இது பலமுறை நேர்வதில் வியப்பில்லை.

1985ஆம் ஆண்டிலே கிலோவிச், வலோன், துவேர்ஸ்கி என்னும் மூவரும் கோர்னெல் பல்கலைக்கழக ஆட்டக்காரரையும் சோதித்து, ‘சூடேறிய கை’ என்பது வெறும் மயக்கமென்றனர். அம்முடிபு நெடுங்காலம் நின்றது. 2018இல் மில்லர், சன்ஹூர்ஹோ இருவரும் அக்கணக்கிலேயே வழுவுண்மை காட்டினர். நாணயத்தை மும்முறை சுண்டுக. தலை விழுந்தபின் மீண்டும் தலை விழும் பங்கை வரிசைதோறும் கண்டு சராசரி எடுப்பின், வருவது அரையன்று, பன்னிரண்டில் ஐந்தே. ஒப்புநோக்கிய அளவுகோலே உயர்ந்திருந்தமையின், ஏற்றமும் தளர்ச்சியும் இல்லையெனத் துணிதல் ஆகாது.

ஆயினும் கையினும் முன்னர் நோக்கற்பாலது எறியிடம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு அப்பாலிருந்து மூன்றில் ஒன்று விழுதலும், உள்ளிருந்து இரண்டில் ஒன்று விழுதலும் பயனால் ஒன்றே. வலைப்பந்தாட்டத்திலோ, மரபான விதிப்படி, வட்டத்துள் எங்கிருந்து எறியினும் பெறுவது ஒரு புள்ளியே. 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் இட்ட யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், கம்பத்தருகே நின்று உயரத்தே பந்தைப் பெற்று எறிந்தமை இதனாற் பொருந்தும். தவறியதை விரைந்து ஈடுசெய்ய முயல்பவனோ, எதிரி மறித்து நிற்கவே தொலைவிலிருந்து எறிவான். பயிற்றுநர் விழுந்தவற்றை மட்டும் எண்ணாது, எங்கிருந்து, எவர் மறிக்க எறியப்பட்டன என்பதையும் குறித்துவைப்பின், அம்மாணவனை இருத்துவதா ஆடவிடுவதா என்பது விளங்கும்.