எறும்புக்கு எத்தனை அடி வீடு வேண்டும்?



எறும்பு என்றாலே நமக்கெல்லாம் எரிச்சல்தான் வரும். அதிலும் வெல்ல மண்டி வைத்திருப்பவனைக் கேட்டால் எறும்பின் அருமை பெருமைகளை விடிய விடியச் சொல்வான். நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த சிப்பங்களை இறக்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. எங்கிருந்துதான் வருமோ, சாரை சாரையாக வந்து சேர்ந்துவிடும். மஞ்சள்தூள் தூவியும், சாக்பீஸ் கோடு கிழித்தும், மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தும் நாற்பது ஆண்டுகளாக எறும்போடு மல்லுக்கட்டி வரும் நாமே இப்போது வீட்டில் எறும்பு வளர்க்கிறோம் என்றால் நண்பர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். நமது தொழிலுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பேரன் கொண்டு வந்த ராணி

ஏழாம் வகுப்புப் படிக்கும் நமது பேரன், ஒரு மழை பெய்த மறுநாள் மாலை, வாசலில் ஊர்ந்துகொண்டிருந்த பெரிய கட்டெறும்பு ஒன்றைத் தீப்பெட்டியில் பிடித்து வந்தான். "தாத்தா, இது ராணி. இறக்கையை இதுவே உதிர்த்துவிட்டது. இதற்கு ஒரு வீடு வாங்கித் தாருங்கள்" என்றான். பேரன் கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? ராணிக்கு அரண்மனைதானே பொருத்தம் என்று இரண்டடி நீள மீன் தொட்டி ஒன்றை வாங்கி, அரைத்தொட்டி மண் நிரப்பி, கல்லும் செடியும் வைத்து, சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றி வைத்தோம்.

ஒரு மாதத்தில் ராணி செத்துப் போயிற்று. மேல்மண் காய்ந்து தூசியாக இருந்தது. அடிமண் ஊற்றிய தண்ணீரில் சேறாகிக் கிடந்தது. சர்க்கரைத் தண்ணீர் வைத்த இடத்தில் பூசணம் பூத்திருந்தது. இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதற்காக நாமே நான்கைந்து முறை மண்ணைக் கிளறியதும் சேர்ந்துகொண்டது. பேரன் அழவில்லை. "பெரிய வீடு கொடுத்ததுதான் தப்பு தாத்தா" என்று மட்டும் சொன்னான்.

ஏன் தப்பு?

விசாரித்துப் பார்த்ததில் பிள்ளை சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. இறக்கை உதிர்த்த கட்டெறும்பு ராணி, மண்ணுக்குள் தன் உடம்பு திரும்புமளவுக்கு ஒரு சிற்றறை குடைந்து, வாயிலை அடைத்துக்கொள்கிறது. பிறகு இரை தேடி வெளியே வருவதில்லை. இனிப் பறக்கத் தேவையில்லாத இறக்கைத் தசையும் உடம்பில் உள்ள கொழுப்புமே அதற்கு முதலீடு. அதைக் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளை ஊட்டி வளர்க்கிறது. கடன் வாங்காமல் கைமுதலைக் கொண்டு தொழில் தொடங்குவதைப் போன்றது இது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியவை மூன்றே மூன்று: இருட்டு, ஈரப்பதம், தொந்தரவில்லாத ஒடுக்கமான இடம். நாம் கொடுத்ததோ வெளிச்சம், சேறு, மைதானம்!

எறும்பு வளர்த்த வங்கியாளர்

எறும்பு வளர்ப்பு ஏதோ சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். லண்டனில் குடும்ப வங்கியை நடத்திய சர் ஜான் லப்பக் (1834 – 1913) எறும்பு ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்றவர். 1871-இல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் வரக் காரணமானவரும், கடைச் சிப்பந்திகளின் வேலை நேரத்தைக் குறைக்க நாடாளுமன்றத்தில் பாடுபட்டவரும் இவரே. ஆகவே நமக்கும் உறவுக்காரர்தான்.

இவர் எறும்புகளுக்குக் கட்டிய வீடு என்ன தெரியுமா? பத்து அங்குலச் சதுரத்தில் இரண்டு ஜன்னல் கண்ணாடிகள். அவற்றுக்கு நடுவே எறும்பு நடமாடுமளவுக்கு மட்டும், அதாவது கால் அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளி. ஓரத்தில் மரச்சட்டம், உள்ளே மென்மண். அவ்வளவுதான்! அப்படிப்பட்ட வீட்டில் 1874 டிசம்பரில் வந்து சேர்ந்த ஒரு ராணி எறும்பு 1888 ஆகஸ்ட் வரை உயிரோடு இருந்தது. எறும்புகளுக்குச் சிவப்பு ஒளி இருட்டைப் போன்றது, ஊதா ஒளியைக் கண்டால் விலகி ஓடும் என்பதையும் வண்ணக் கண்ணாடிகளைக் கொண்டு அவர் கண்டறிந்தார். இன்று எறும்பு வளர்ப்போர் கூட்டின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் போடுவது இதனால்தான். நமக்குத் தெரியும், எறும்புக்குத் தெரியாது.

எந்தப் பருவத்துக்கு எந்த வீடு?

அடுத்த மழைக்குப் பேரன் இன்னொரு ராணியைப் பிடித்து வந்தான். இம்முறை பள்ளி ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய் மட்டும் வாங்கினோம். நீளம் 15 செ.மீ. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதைத் தொட்டபடி இறுக்கமாகப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் காற்றுப் போகுமளவுக்குத் தளர்வாகப் பஞ்சு. கறுப்புத் தாளைச் சுற்றி அலமாரியில் படுக்க வைத்துவிட்டோம். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் எடுத்துப் பார்ப்பதில்லை என்று தாத்தாவும் பேரனும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒன்றரை மாதத்தில் ஐந்து சின்னஞ்சிறு வேலைக்கார எறும்புகள் வந்துவிட்டன!

அதன் பின்னர்தான் உணவு. ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீர். குஞ்சுகள் வளர ஒரு துண்டு பூச்சி. மண்டியிலும் கிட்டங்கியிலும் செத்துக் கிடக்கும் பூச்சியைக் கொடுக்கக் கூடாது, மருந்து பட்டிருக்கும். உணவு வைக்கவும் குப்பை போடவும் குழாயோடு ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவை இணைத்தால் போதும். டப்பாவின் உள்விளிம்பில் முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துத் தடவிக் காயவிட்டால் எறும்பு வழுக்கி விழும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் அதன் பிடிப்புக் குறையும். மீண்டும் தடவ வேண்டும்.

எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டி, குழாயில் இடம் நெருக்கும்போது அடுத்த வீடு பார்க்கலாம். பாரிஸ் சாந்தில் அறைகள் குடைந்து மேலே கண்ணாடி போட்ட கூடு ஈரத்தை இழுத்துச் சீராக வைத்திருக்கும். ஆனால் அளவு மீறினால் பூசணம் பிடிக்கும், சில இன எறும்புகள் குடைந்தும் விடும். வீடு கட்டப் பயன்படும் எடை குறைந்த காற்றுத்துளைக் கல்லும் இதே போன்றதுதான். அக்ரிலிக் கூடு பார்வைக்கு அழகு, கழுவவும் எளிது. ஆனால் தானாக ஈரம் பிடிக்காது, காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். எதுவானாலும் ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் உலர்வாகவும் இருக்கட்டும். வேண்டிய இடத்தை எறும்பே தேர்ந்துகொள்ளும். காற்றுத் துளைக்கு நுண்ணிய எஃகு வலை போட வேண்டும்; துணியைக் கடித்துவிடும். எந்தக் கூட்டையும் நேர் வெயிலில் வைக்கக் கூடாது.

வீடு மாற்றும்போது தட்டிக் கொட்டி விரட்டக் கூடாது. புதிய வீட்டை இருட்டாக்கி இணைத்துவிட்டு, பழைய குழாயின் கறுப்புத் தாளை எடுத்துவிட்டால் போதும். குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு தாமே குடிபெயரும்.

எந்த எறும்பு என்பதும் முக்கியம். தொடங்குகிறவர்களுக்குக் கட்டெறும்பு உகந்தது. மாமரத்து முசுறு இலைகளைப் பின்னிக் கூடு கட்டுவது. அதற்கு மரம்தான் வீடு. பொடி எறும்புகளோ எந்த இடுக்கிலும் நுழைந்து தப்பிவிடும்.

ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டு ராணிகளை வரவழைத்து மொத்தமாக விற்கலாம், நல்ல லாபம் என்று ஒரு தம்பி நம்மிடம் வந்தார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். 2025 ஏப்ரலில் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த பெல்ஜிய இளைஞர்கள் இருவர் பிடிபட்டார்கள். தலைக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. நமது நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-இல் மஞ்சள் எறும்புகள் பெருகி, மக்களும் ஆடுமாடுகளும் பட்ட பாட்டையும் மறந்துவிடக் கூடாது. அந்நிய எறும்பு ஒன்று தப்பினால் திரும்பப் பிடிக்க முடியாது. நம் வாசலில் கிடைப்பதை வளர்ப்போம். வேண்டாமென்றால் பிடித்த இடத்திலேயே விடுவோம்.

நாம் கற்ற பாடம்

மிச்சமாகக் கிடக்கும் அறையை எறும்புகள் குப்பைக் கிடங்காக்கிவிடும், அதில் பூசணம் ஏறி நல்ல அறைக்கும் பரவும் என்று பேரன் சொன்னபோது நமக்கு 1989-ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. தனியாகத் தொழில் தொடங்கிய மூன்றாம் ஆண்டிலேயே பெரிய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். பாதிகூட நிரம்பவில்லை. கண் போகாத மூலையில் சுவர் ஈரம் ஏறி, இருநூறு சிப்பம் வெல்லம் கசிந்து பாகாய் ஓடியது. அந்தக் கடனை அடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அகலக் கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது அப்போது நமது காதில் ஏறவில்லை.

சென்ற மாதம் நமது மகன், பைபாஸ் ரோட்டில் பெரிய கிட்டங்கி ஒன்று வாடகைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டான். நாம் பதில் சொல்லவில்லை. பேரனைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து அந்தக் குழாயை எடுத்து வரச் சொன்னோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் அப்பாவிடம் சொன்னான்: "இன்னும் இதில் இடம் இருக்கிறதப்பா. நிரம்பட்டும், அப்புறம் பார்க்கலாம்."

மகன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். இன்று வரை கிட்டங்கிப் பேச்சை எடுக்கவில்லை.