குளவி கட்டிய காகித ஆலை

வெயிலிலும் மழையிலும் நரைத்துப்போன வேலிக்கால் ஒன்று உங்கள் கொல்லையில் இருக்கிறதா? காலை நேரத்தில் அதன் அருகே சற்று அமைதியாக நின்று பாருங்கள். குளவி ஒன்று வந்து அமர்ந்து, தாடைகளால் மரத்தைச் சுரண்டும். கூர்ந்து கேட்டால் அந்த ஓசைகூடக் காதில் விழும்.

மரத்தை அது தின்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சுரண்டிய நாரை மென்று, உமிழ்நீருடன் பிசைந்து, சிறு உருண்டையாக்கிக்கொண்டு பறந்துவிடும். கூட்டுக்குச் சென்றதும், அந்தக் கூழைக் கூட்டின் விளிம்பில் மெல்லிய பட்டையாக இழுத்துக்கொண்டே பின்னோக்கி நடக்கும். கூழ் உலர்ந்தால் காகிதம்! உமிழ்நீரில் உள்ள புரதம் நார்களை ஒட்டவைக்கிறது. மழைநீர் எளிதில் ஊறாமலும் காக்கிறது. (சுவரில் மண்கூடு கட்டும் குளவி வேறு இனம். பனைமரத்தில் பெரிய கூடு கட்டும் கதண்டு காகிதக்காரர் கூட்டத்தைச் சேர்ந்ததே.)

இதைக் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர். அக்காலத்தில் ஐரோப்பாவில் காகிதம் செய்யக் கந்தல் துணிதான் மூலப்பொருள். புத்தகங்கள் பெருகப் பெருகக் கந்தலுக்குத் தட்டுப்பாடு. "குளவி மரத்திலிருந்து காகிதம் செய்கிறதே, நம்மால் ஏன் முடியாது?" என்ற எண்ணத்தை ரெயோமூர் 1719-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். ஆனால் அவர் ஒரு தாள்கூடச் செய்து காட்டவில்லை!

ஜெர்மனியில் ஷேஃபர் என்ற பாதிரியார் செய்து பார்த்தார். குளவிக் கூடு, பாசி, கொடி, உருளைக்கிழங்கு எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கூழாக்கினார். 1765 முதல் அவர் வெளியிட்ட நூல்களில் அந்தத் தாள்களையே மாதிரிகளாக இணைத்தார். அப்போதும் ஆலைகள் அசையவில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், மரம் அறுக்கும் குடும்பத்தில் பிறந்தவர் சார்லஸ் ஃபெனர்ட்டி. குளவிகளைப் பார்த்தே அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வதுண்டு. 1844-ல் மரநாரில் செய்த தாள் ஒன்றை உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதே ஆண்டுகளில் ஜெர்மானிய நெசவாளர் கெல்லர், ஈரச் சாணைக்கல்லில் மரத்தை அரைத்துக் கூழ் எடுத்தார். பணமில்லாமல் உரிமையை 1846-ல் விற்றுவிட்டார். அதன்பின் செய்தித்தாள் மலிவானது. இவர்கள் இருவருக்கும் அதனால் செல்வம் சேரவில்லை என்பது வருத்தமே.

அரைத்த மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகிறது. பழைய செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாவது இதனால்தான்.

குளவிகள் கைவிட்டுப் போன பழைய கூடு கீழே விழுந்து கிடந்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். குளவி இருக்கும் கூட்டை மட்டும் நெருங்க வேண்டாம். சாம்பல், பழுப்பு, வெண்மை என வரிவரியாகப் பல நிறங்கள் தெரியலாம். ஒவ்வொரு வரியும் ஒரு நடைக்குக் கொண்டுவந்த கூழ். எந்த வரி எந்த வேலிக்காலிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.