குடிக்காத வீட்டில் கல்லீரல் நோயா?

கோடை விழாவுக்கு ஏற்காடு போயிருந்தபோது, தெரிந்தவர் வீட்டு மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் 'ஃபாட்டி லிவர்' என்று வந்திருந்ததாம்.

"அக்கா, இது குடிக்கிறவங்களுக்கு வர்ற வியாதியாமே! அத்தை ஒரு மாதிரியாப் பார்க்கிறாங்க. எனக்கு அந்த வாசனைகூடத் தெரியாதுக்கா!" என்று கண் கலங்கினாள்.

இப்படிக் கலங்கும் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன். மதுவைத் தொடாதவர்களின் கல்லீரலிலும் கொழுப்பு சேரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் லுட்விக் 1980-லேயே இதை விளக்கி எழுதினார். சென்னையில் 541 பேரைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 32 பேருக்கு இது இருந்தது. ஒல்லியானவர்களும் தப்புவதில்லை. மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், இந்நோய் கண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதிக எடை உள்ளவர்களே அல்ல!

ஏன் வருகிறது?

உடம்பு செலவழிக்காத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாவிட்டால் இது இன்னும் கூடும். தொப்பை, சர்க்கரை நோய் உள்ளவர்களும், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போனவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் வலி இராது, அதுதான் ஆபத்து. சிலருக்கு வீக்கம், தழும்பு என்று வளர்ந்து, பல வருஷங்களில் ஈரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விடும்.

என்ன செய்யலாம்?

முதலில் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். எடை கூடியிருந்தால், நூற்றுக்கு 5 பங்கு குறைத்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 பங்கு குறைந்தால் வீக்கமும் தணியலாம். 70 கிலோ இருப்பவருக்கு 5 முதல் 7 கிலோ. பட்டினி வேண்டாம், மெள்ளக் குறையட்டும். சோற்றைக் குறைத்து கீரை, காய், சுண்டலைக் கூட்டுங்கள். தினம் அரை மணி வேகமாக நடங்கள்.

தழும்பு ஓரளவு முற்றியவர்களுக்கு ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரையை 2024-ல் அமெரிக்கா அனுமதித்தது. அதையும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தருகிறார்கள்.

"காப்பியையும் விடணுமாக்கா?"

1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, சேர்வராயன் மலையெங்கும் விளைகிறது. அதை விடு என்றால் மனசு கேட்குமா? விட வேண்டாம். காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவு என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பிணிகள் மட்டும் அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும். விட வேண்டியது அதில் போடும் சர்க்கரையை!

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மாமியார் காப்பித் தம்ளரோடு வந்தார். "சீனி போடலை, குடி. நாளைக்குக் காலையில ஏரிப் பக்கம் நடக்க நானும் வர்றேன்" என்றார்.