மூன்று நாள் வெற்றியும் முப்பது நாள் வெற்றியும்

தீபாவளிக்கு வந்த படம் பொங்கலைத் தாண்டி ஓடினால்தான் அது வெற்றிப் படம் என்று நம் பெரியோர் கணக்கிட்டனர். ஐம்பதாவது நாள், நூறாவது நாள், வெள்ளி விழா எனப்படும் 175-ஆவது நாள் என்று சுவரொட்டிகளும் அதையே பறைசாற்றின. இன்று நாட்கணக்கு மறைந்து தொகைக்கணக்கு வந்துவிட்டது. வாரக் கடைசியில் எந்தப் படம் எத்தனை கோடி ஈட்டியது என்பது திங்கட்கிழமை விடியுமுன்னே கைப்பேசியில் வந்து சேருகிறது. "இந்த வாரம் முதலிடம் எது?" என்பது பள்ளிப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வியாகிவிட்டது. முதலிடம் பெற்ற படமே சிறந்த படம் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைகிறது.

இந்தக் கணக்கு எவ்வாறு பிறக்கிறது? அது எதைக் காட்டுகிறது? எதை மறைக்கிறது? 2024-ஆம் ஆண்டின் படங்களை எடுத்துக்கொண்டு இவற்றை ஆராய்வோம். தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் நின்று இதைப் பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. தமிழ்த் திரையின் போக்கையே மாற்றிய கலைஞர் சிலரை ஈன்ற மண் இது.

பெட்டி வந்த காலம்

படச்சுருள் இருந்த காலத்தில் ஒரு படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையிலேயே பிரதிகள் எடுக்கப்பட்டன. விநியோகத்துக்கென்று தமிழ்நாடு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தேனி, போடி, கம்பம் ஆகிய ஊர்கள் மதுரை - இராமநாதபுரம் பகுதியைச் சேர்ந்தவை. படப்பெட்டி முதலில் மதுரை நகரத்துப் பெரிய அரங்குகளுக்கு வரும். அங்கே கூட்டம் தணிந்த பிறகு சிற்றூர்களுக்கு வரும். எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கிராமத்து டூரிங் கொட்டகையை எட்டும். அங்கே மணல் தரையில் அமர்ந்து, ஒரே ஒரு புரொஜெக்டர் ஆதலால் ஒவ்வொரு சுருளும் முடிந்ததும் விளக்கு எரிவதைப் பொறுத்துக்கொண்டு, மக்கள் படம் பார்த்தனர்.

இந்தத் தாமதத்தில் ஒரு நன்மையும் இருந்தது. படம் வந்து சேருமுன் அதைப் பற்றிய செய்தி வந்து சேர்ந்துவிடும். மதுரைக்குச் சென்று திரும்பிய உறவினர், சந்தைக்குப் போய்வந்த வியாபாரி, விடுமுறையில் வந்த மாணவர் ஆகியோர் கதையையும் தரத்தையும் சொல்லிவிடுவார்கள். குடும்பத்தை அழைத்துச் செல்லலாமா என்று பெற்றோர் முன்கூட்டியே முடிவு செய்ய முடிந்தது.

தயாரிப்பாளருக்கும் அந்தக் கால அவகாசம் துணை நின்றது. தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜா இயக்கிய முதல் படம் "16 வயதினிலே." அதற்கு இசையமைத்தவர் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த இளையராஜா. கோவணம் கட்டிய சப்பாணியைக் கதாநாயகனாகக் கொண்ட அப்படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தாமே துணிந்து 1977 செப்டம்பர் 15-ஆம் நாள் அதை வெளியிட்டார். பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்ல, படம் வெள்ளி விழாக் கண்டது. அரங்கத்துக்குள் அமைக்கப்பட்ட கிராமத்தை விட்டு, உண்மையான கிராமத்தை நோக்கித் தமிழ்ப்படம் நடக்கத் தொடங்கியதற்கு அந்த வெற்றியே பெரும் காரணம். அன்று மூன்று நாள் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் அந்தப் பயணம் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று நாட்கள்

இன்று படச்சுருளும் இல்லை, பெட்டியும் இல்லை. கணினிவழிக் கோப்பாகப் படம் ஒரே நாளில் எல்லா அரங்குகளையும் அடைகிறது. சென்னையில் திரையிடப்படும் அதே காலையில் கம்பத்திலும் திரையிடப்படுகிறது. சிற்றூர் மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்த நிலை நீங்கியது நல்லதே. ஆனால், பெரிய நடிகரின் படம் ஒரே நாளில் பெரும்பாலான திரைகளைப் பிடித்துக்கொள்வதற்கும் இதுவே வழி திறந்தது.

அரங்கு உரிமையாளருக்கும் விநியோகஸ்தருக்கும் இடையிலுள்ள பங்கீட்டையும் அறிந்துகொள்வது நல்லது. நுழைவுச்சீட்டுப் பணத்தில் வரி கழிந்த பிறகு எஞ்சும் தொகையை இருவரும் பகிர்ந்துகொள்கின்றனர். முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்கே பெரும்பங்கு. வாரங்கள் செல்லச் செல்ல அரங்கின் பங்கு கூடும். ஆகவே, படம் நீண்ட நாள் ஓடினால் அரங்குக்கு ஆதாயம். முதல் நாட்களில் கூட்டம் குவிந்தால் படத்தை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஆதாயம். விளம்பரமெல்லாம் முதல் நாட்களைக் குறிவைத்தே நடப்பதன் இரகசியம் இதுதான்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. "வசூல்" என்று வெளியிடப்படும் தொகை வரியும் எல்லாருடைய பங்கும் சேர்ந்த மொத்தத் தொகை. அது இலாபம் அன்று. அத்தொகையைச் சொல்பவர்களும் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தாரோ, வணிகத்தைக் கணிப்போரோ ஆவர். அரசு தணிக்கை செய்து வெளியிடும் கணக்கு அது என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது.

ஓராண்டின் வரலாறு

இனி 2024-ஆம் ஆண்டைப் பார்ப்போம். பொங்கலையொட்டி ஜனவரி 12-ஆம் நாள் "கேப்டன் மில்லர்," "அயலான்" ஆகியவை வந்தன. அதன் பின் சில மாதங்கள் தமிழ்ப்படங்களுக்கு வறட்சி. அந்த வறட்சியில் அரங்குகளை நிரப்பியது ஒரு மலையாளப் படம். பிப்ரவரி 22-இல் வெளியான "மஞ்ஞும்மல் பாய்ஸ்" நம் மலைகளுக்கு அப்பாலுள்ள கொடைக்கானலில் நிகழும் கதை. 2006-இல் அங்குள்ள குகைப் பள்ளத்தில் விழுந்த நண்பனை, உயிரையும் பொருட்படுத்தாமல் இறங்கி மீட்ட உண்மை நிகழ்ச்சியே அதன் கரு. 1991-இல் வந்த "குணா" படத்தால் பெயர் பெற்ற குகை அது. அப்படத்தின் பாடலொன்று இப்படத்தின் உச்சக்கட்டத்தில் ஒலித்தபோது அரங்குகள் ஆர்ப்பரித்தன. பாடலுக்கு இசையமைத்தவர் நம் பண்ணைப்புரத்தாரே. தமிழ்நாட்டில் பெரிய நடிகரும் இல்லை, பெரிய விளம்பரமும் இல்லை. பார்த்தவர் வாய்மொழியே பல வாரம் படத்தை நடத்திச் சென்றது.

ஏப்ரல் 20-இல் இருபதாண்டுக்கு முந்திய "கில்லி" மறுபடியும் திரையிடப்பட்டு, புதிய படங்களைவிட மிகுந்த கூட்டத்தைச் சேர்த்தது. மே 3-இல் வந்த "அரண்மனை 4" வறட்சியைப் போக்கியது. மே 31-இல் வந்த "கருடன்" நம் கோம்பையைக் களமாகக் கொண்டது. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட சூரி, விசுவாசத்துக்கும் நியாயத்துக்கும் இடையே தவிக்கும் எளியவனாக அதில் நடித்தார். ஜூன் 14-இல் வந்த "மகாராஜா" விஜய் சேதுபதியின் 50-ஆவது படம். அமைதியாகத் தொடங்கி வாரந்தோறும் வலுப்பெற்ற அது, ஆண்டின் இறுதியில் சீன நாட்டிலும் திரையிடப்பட்டது.

ஜூலை 12-இல் வந்த "இந்தியன் 2" இதற்கு நேர்மாறானது. பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கிய அப்படத்தின் நீளம் சில நாட்களிலேயே குறைக்கப்பட்டது. ஆயினும் கூட்டம் தங்கவில்லை. ஜூலை 26-இல் "ராயன்," ஆகஸ்ட் 15-இல் "தங்கலான்," செப்டம்பர் 5-இல் "தி கோட்," அக்டோபர் 10-இல் "வேட்டையன்" என்று பெரிய படங்கள் தொடர்ந்தன. தமிழகத்தில் அவ்வாண்டின் மிகப் பெரிய வசூல் "தி கோட்" படத்துடையது. விநாயகர் சதுர்த்திக்கு முன் "தி கோட்," ஆயுத பூசைக்கு முன் "வேட்டையன்" என்று இரண்டும் வியாழக்கிழமையிலேயே வெளியாயின. மூன்று நாள் வாரக் கடைசி நான்கு நாளாக நீட்டப்பட்டது.

தீபாவளி நாளான அக்டோபர் 31-இல் வந்த "அமரன்" தனித்துக் குறிப்பிடத் தக்கது. 2014-இல் காஷ்மீரில் உயிர்நீத்து, பின்னர் அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையை அது கூறுகிறது. கதை போர்க்களத்தில் மட்டும் நிற்கவில்லை. கேரளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த இந்து ரெபெக்கா வர்கீஸின் காதலும், பெற்றோரின் சம்மதத்துக்கான காத்திருப்பும், கணவரைப் பிரிந்திருந்த காலமும், இழப்பின் முன் அவர் காட்டிய திடமும் சரிபாதி இடம் பெற்றன. குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். இரண்டு வாரங்களுக்குப் பின், நவம்பர் 14-இல், பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட "கங்குவா" வந்தது. ஒலி மிகுதி, நீளம் மிகுதி என்ற குறைகள் எழவே, ஒலி குறைக்கப்பட்டது, நீளமும் வெட்டப்பட்டது. ஆயினும் அது விரைவில் தளர்ந்தது. முன்னரே வந்திருந்த "அமரன்" தொடர்ந்து ஓடிற்று.

இந்த ஓராண்டு நமக்குக் கற்பிப்பது யாது? முதல் மூன்று நாள் வசூல் விளம்பரத்தின் வலிமையை அளக்கிறது. இரண்டாம் வாரத்து வருகையே படத்தை அளக்கிறது. "இந்தியன் 2," "கங்குவா" ஆகியவற்றின் முதல் நாளும், "மகாராஜா," "மஞ்ஞும்மல் பாய்ஸ்" ஆகியவற்றின் மூன்றாம் வாரமும் இதற்குச் சான்று.

பள்ளத்தாக்கின் ஞாயிற்றுக்கிழமை

நம் பகுதிக்கு இந்தக் கணக்கு மேலும் பொருந்தாமல் போவதற்கு வேறொரு காரணம் உண்டு. கம்பம், தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆண்களும் பெண்களும் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகளின் வழியாகக் கேரள மலைக்குச் செல்கின்றனர். பொழுது சாயும் வேளையில்தான் திரும்புகின்றனர். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன, சனிக்கிழமை என்ன? பலருக்கும் ஓய்வு நாள் ஞாயிறு ஒன்றே. அந்த ஞாயிற்றிலும் கோவில் உண்டு, சந்தை உண்டு, வீட்டு வேலை உண்டு, உறவினர் வீட்டு விசேஷம் உண்டு. இத்தனைக்கும் பிறகே சினிமா.

திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடக்கும் காலத்திலும், வயலில் நடவு நடக்கும் காலத்திலும் விவசாயக் குடும்பங்களுக்கு அந்த ஞாயிறும் கிடைப்பதில்லை. இவர்கள் ஒரு படத்தைப் பார்க்க எண்ணும்போது மூன்று நாள் கணக்கு முடிந்து, தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. மூன்று நாள் வசூலில் இவர்களுடைய குரல் மிகக் குறைவாகவே ஒலிக்கிறது. "மக்களின் தீர்ப்பு" என்று சொல்லப்படுவதில் உழைக்கும் மக்களின் பங்கு இவ்வளவே.

காத்திருக்க இடமில்லாத படங்கள்

இம்மக்களின் வாழ்வையே கூறிய படம் ஒன்று உண்டு. லெனின் பாரதி இயக்கத்தில் 2018 ஆகஸ்ட் 24-இல் வெளியான "மேற்குத் தொடர்ச்சி மலை" அது. மலையேறிச் சுமை தூக்கிப் பிழைக்கும் ஒருவன், தனக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுவதும், அந்த ஆசை என்னவாகிறது என்பதுமே கதை. விஜய் சேதுபதி தயாரிக்க, இளையராஜா இசையமைக்க, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார். நம் மலைப்பாதைகளும் நம் பேச்சுமொழியும் அதில் உள்ளபடியே இருந்தன. அறிந்தோர் பலரும் பாராட்டினர். ஆனால், எந்த வாரத்தின் வசூல் பட்டியலிலும் அது முதலிடத்தில் நிற்கவில்லை.

இத்தகைய படங்களுக்கு இன்று வேண்டியது அவகாசம் ஒன்றே. முதல் வெள்ளிக்கிழமை கூட்டம் குறைந்தால், திங்கட்கிழமை காட்சிகள் குறைக்கப்படுகின்றன. அடுத்த வெள்ளியன்று வேறு படம் அந்த இடத்தைப் பிடிக்கிறது. நல்ல படம் என்ற செய்தி ஏலத்தோட்டத்து ஜீப்பில் பேசப்படும்போது படம் ஊரில் இருப்பதில்லை. "16 வயதினிலே" பெற்ற அவகாசம் இன்றைய சிறிய படத்துக்கு இல்லை. அரங்கில் ஓடும் காலமும் சுருங்கிவிட்டது. ஜூன் 14-இல் வந்த "மகாராஜா" ஜூலை 12-இல் நெட்பிளிக்ஸில் வெளியாயிற்று. "அமரன்" டிசம்பர் 5-இல் அதே வழியில் வீடுகளுக்கு வந்தது. அரங்கில் தவறவிட்டதை வீட்டில் காணலாம் என்பது உண்மையே. ஆனால், சந்தா கட்ட இயலாத வீடுகளும் நம்மிடையே உண்டு.

நம் குடும்பங்கள் செய்யத் தக்கவை

சினிமாவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் கூடலூரிலிருந்தோ சின்னமனூரிலிருந்தோ தேனிக்குச் சென்று படம் பார்த்துத் திரும்புவது எளிய செலவன்று. நுழைவுச்சீட்டு, பேருந்து, இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் கூலி போதாது. அந்தப் பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்போம்.

முதலாவதாக, ஒரு வாரம் பொறுப்போம். பார்த்துவந்த அண்டை வீட்டாரிடமும் பங்கில் நம்முடன் பழகும் குடும்பங்களிடமும் கேட்போம். நம் பெரியோர் செய்தது இதையே.

இரண்டாவதாக, தணிக்கைச் சான்றிதழைப் பார்ப்போம். "ஏ" என்றால் 18 வயது நிறையாதவர்க்கு அனுமதி இல்லை. "ராயன்" அத்தகைய சான்று பெற்ற படம். 2024 முதல் "யு/ஏ" என்ற பிரிவு 7, 13, 16 ஆகிய வயதுகளைக் கொண்டு மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. அந்த எண், முடிவெடுக்கும் பொறுப்பைப் பெற்றோரிடம் ஒப்படைக்கிறது. வசூல் எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் வீட்டில் இந்த எண்ணை அறிந்தவர் எத்தனை பேர்?

மூன்றாவதாக, நல்லதென்று கேள்விப்பட்ட சிறிய படம் ஊருக்கு வந்தால், இரண்டாம் வாரம் வரை அது நிற்குமா என்று எதிர்பார்த்திராமல் முதல் ஞாயிற்றிலேயே செல்வோம். பெரிய படத்துக்குப் பொறுமையும் சிறிய படத்துக்கு விரைவும் காட்டுவதே நம்மால் இயன்ற நீதி.

நான்காவதாக, படம் பார்த்து வீடு திரும்பும் வழியில் பிள்ளைகளோடு பேசுவோம். எத்தனை கோடி ஈட்டியது என்று அவர்கள் கேட்டால், நம்மிடம் எதை விட்டுச் சென்றது என்று நாம் கேட்போம். நண்பனுக்காகக் குகைக்குள் இறங்கியவனைப் பற்றியும், ஒரு துண்டு நிலத்துக்காக ஆயுள் முழுவதும் சுமை சுமந்தவனைப் பற்றியும் அவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். அந்த உரையாடல் எந்த வசூல் கணக்கிலும் ஏறாது. அவர்களுடைய உள்ளத்தில் நெடுநாள் ஓடும்.