கட்சி இரண்டுபட்டால் கடைக்குத் திண்டாட்டம்



ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. இன்றைய அரசியலில் அதைத் திருப்பிப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்சி இரண்டுபட்டால் ஊருக்குத் திண்டாட்டம். ஊரிலும் முதலில் திண்டாடுவது கடைத்தெரு. தண்ணீருக்காகவும் கடையை அடைக்கச் சொல்கிறார்கள். தலைவருக்காகவும் அடைக்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் கடையடைப்பு என்றே பெயர். ஆனால் மக்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கொதித்தெழுவது வேறு, நாற்காலிக்காகக் கட்சிக்குள் நடக்கும் கோஷ்டிப் பூசல் வேறு. இந்த வேறுபாட்டைப் பேசவே இக்கட்டுரை.

நம் டெல்டாவில் மளிகை வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆற்றில் தண்ணீர் வந்தால் நடவு. நடவு நடந்தால் கூலி. கூலி கிடைத்தால் கடையில் ரொக்கம். அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வந்த பிறகுதான் பழைய பாக்கி தீரும். கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் விவசாயத் தொழிலாளிக்குக் கடன் கொடுக்கிறார். அவருக்கு மண்டியில் நாம் கடன் கொடுக்கிறோம். நமக்குப் பருப்பு மில்காரர் தவணை கொடுக்கிறார். ஆகவே காவிரி வறண்டால் நம் பேரேட்டில் பற்றுப் பக்கம் நீளும், வரவுப் பக்கம் வெறுமையாக நிற்கும்.

அதனால்தான் காவிரிக்காக இந்த மண்ணில் கிளர்ச்சி எழும்போது வணிகர்கள் ஒதுங்கி நின்றதில்லை. 1991 ஜூன் 25-ல் நடுவர் மன்றம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்பு வழங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் கர்நாடகத்தில் கலவரம் மூண்டது. தமிழர்கள் பலர் வீடு, கடைகளை விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தண்ணீர் திறக்க உத்தரவிட்டபோது பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. ஒசூர் எல்லையில் போக்குவரத்து நின்றது. குல்பர்காவிலிருந்து துவரம் பருப்பு தருவிக்கும் நம் போன்றோருக்கு அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் செப்டம்பர் 16-ல் தமிழ்நாடு முழுவதும் விவசாயிகளும் வணிகர்களும் சேர்ந்து அடைப்பு நடத்தினோம். ஒரு நாள் வியாபாரம் போயிற்று. ஆனால் அது நம் வியாபாரத்தின் ஆணிவேருக்காக நாமே மனமுவந்து செய்த செலவு.

கோஷ்டிப் பூசலுக்கு வருவோம். இதில் எந்தக் கட்சியும் விதிவிலக்கல்ல. காங்கிரஸ் 1969-ல் பிளந்தது. 1996-ல் கூட்டணித் தகராறில் நம் சுந்தரபெருமாள்கோவில் மூப்பனார் தனிக்கட்சி கண்டார். தி.மு.க.விலிருந்து 1993-ல் வைகோ நீக்கப்பட்டு, மறு ஆண்டு ம.தி.மு.க. பிறந்தது. கருத்து வேறுபட்டுப் பிரிந்து, தனியாக மக்களிடம் போய் ஓட்டுக் கேட்பது ஜனநாயகம். அதில் நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்சிப் பொறுப்பில் இருந்துகொண்டே அடித்துக்கொள்வதுதான் ஊரைக் கெடுக்கிறது.

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தார். அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாயிற்று. 1988 ஜனவரி 28-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு அன்று சட்டமன்றத்துக்குள்ளேயே அடிதடி நடந்து, போலீஸ் நுழைந்து தடியடி நடத்தியது. இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. ஏறக்குறைய ஓராண்டு காலம் கவர்னர் ஆட்சி. இரட்டை இலை முடக்கப்பட்டு, ஓர் அணி சேவலிலும் மற்றோர் அணி புறாவிலும் நின்றன. 1989 தேர்தலில் தி.மு.க. 150 இடங்களில் வென்றது. ஜெயலலிதா அணிக்கு 27, ஜானகி அணிக்கு 2. அதன் பிறகு இரண்டு அணிகளும் கைகோத்துக்கொண்டன. அந்த ஓராண்டில் மனுக் கொடுக்க ஒரு எம்.எல்.ஏ. கூட மாநிலத்தில் இல்லை என்பதுதான் மக்களுக்கு மிஞ்சியது.

2017-ல் அதே கட்சியில் அதே கதை. இந்த முறை டெல்டாவில் நிலைமை மிக மோசமாக இருந்த நேரம். 2016-ல் மேட்டூர் அணை செப்டம்பர் 20-ல்தான் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. கருகிய பயிரைப் பார்த்து அதிர்ச்சியிலும், கடன் தாங்காமலும் விவசாயிகள் பலர் இறந்தார்கள். நவம்பர் 8-ல் பழைய நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வேறு. 2017 ஜனவரி 10-ல் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு ரூ.5,465 நிவாரணம் என்றது. அந்தப் பணம் பட்டுவாடா ஆக வேண்டிய நேரத்தில் கோட்டையில் என்ன நடந்தது?

பிப்ரவரி 5-ல் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். 7-ம் தேதி மெரினாவில் போர்க்கொடி உயர்த்தினார். எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். 16-ம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வரானார். 18-ம் தேதி 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு பெற்றார். மார்ச் 14-ல் நம் பகுதி விவசாயிகள் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் ஆளுங்கட்சியின் இரு அணிகளும் அதே டெல்லியில் தேர்தல் ஆணையத்தில் இரட்டை இலைக்காக வாதாடின. 22-ம் தேதி சின்னம் முடக்கப்பட்டது. விவசாயிகள் 41 நாள் வெயிலில் கிடந்தார்கள். நாடே பேசியது சின்னத்தைப் பற்றித்தான்.

தஞ்சைத் தொகுதியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 மே பொதுத்தேர்தலில் பணப் பட்டுவாடா புகாரால் அரவக்குறிச்சியோடு தஞ்சாவூர் தேர்தலும் நிறுத்தப்பட்டது. நவம்பர் 19-ல்தான் ஓட்டுப் போட்டோம். அப்படி வந்த எம்.எல்.ஏ. டி.டி.வி.தினகரன் அணிக்குப் போனார். 2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்த 18 பேரில் அவரும் ஒருவர். வழக்கு முடிந்து, 2019 ஏப்ரல் 18-ல் இடைத்தேர்தல் நடந்து, மே 23-ல் முடிவு வந்தது. ஒரு வருடம் எட்டு மாதம் மாவட்டத் தலைநகருக்கு எம்.எல்.ஏ. இல்லை. இடையில் 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. நிவாரணத்துக்கு மாவட்டமே குரல் கொடுக்க வேண்டிய வேளையில் தஞ்சையின் இருக்கை சட்டமன்றத்தில் காலியாகக் கிடந்தது. யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு வேண்டாம். நஷ்டம் யார் பக்கம் என்பது தெரிகிறது.

கடைத்தெருவில் இதன் சில்லறைக் கணக்கு வேறு இருக்கிறது. ஒரு கட்சி ஒன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு நன்கொடை ரசீது. இரண்டானால் இரண்டு ரசீதுப் புத்தகம், இரண்டு பிறந்தநாள், இரண்டு அன்னதானத்துக்கு அரிசி மூட்டை. ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவர் முறைப்பார். இருவருக்கும் கொடுக்காவிட்டால் இருவரும் முறைப்பார்கள். கட்சி எதுவென்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

பூசல் வன்முறையானால் உயிரே போகிறது. 2000 பிப்ரவரி 2-ல் ஒரு தலைவருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்ததற்காகத் தர்மபுரி அருகே பேருந்துக்குத் தீ வைத்தார்கள். வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் 3 பேர் கருகினார்கள். 2007 மே 9-ல் அடுத்த வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்புக்காக மதுரையில் தினகரன் நாளிதழ் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர் 3 பேர் இறந்தார்கள். மாண்டவர் எவருக்கும் அந்த நாற்காலிச் சண்டையில் பங்கில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதை வணிகர்கள் அறிய வேண்டும். மிரட்டி நடத்தும் பந்த் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2007 அக்டோபர் 1-ல் சேது சமுத்திரத் திட்டத்துக்காக இங்கே ஆளுங்கட்சிக் கூட்டணி அறிவித்த பந்த்துக்கு உச்ச நீதிமன்றம் முதல் நாளே தடை விதித்தது. நாமாக விரும்பிக் கடையை மூடுவதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. பிறர் அடித்து மூடவைப்பதுதான் குற்றம். கலவரத்தில் கடை சேதமானால் 1992-ம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு கேட்கவும் வழியுண்டு.

மக்களே முன்நின்று நடத்திய கிளர்ச்சிக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க் குழாய் வயலில் கசிந்தது. மக்கள் மறியல் செய்தார்கள். தடியடி நடந்தது, பலர் கைதானார்கள். கைதானவர்களை விடுவிக்கக் கோரி அவ்வூர் வணிகர்கள் கடைகளை மூடினார்கள். அங்கும் நெடுவாசலிலும் எழுந்த குரலின் தொடர்ச்சியாக 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. ஏற்கெனவே நடக்கும் பணிகளை அது தொடவில்லை என்ற குறை உண்டு. ஆனாலும் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை கிடைத்தது.

2018-ஐயும் பாருங்கள். மேலாண்மை வாரியம் கேட்டு ஏப்ரல் 3-ல் வணிகர் சங்கங்களின் பேரமைப்பு கடையடைப்பு நடத்தியது. அதே நாள் ஆளுங்கட்சி உண்ணாவிரதம். 5-ம் தேதி எதிர்க்கட்சிகளின் முழு அடைப்பு. கோரிக்கை ஒன்று, கேட்டவர்கள் தனித்தனி. ஒரே நாளில் ஒரே குரலாகக் கேட்டிருந்தால் டெல்லிக்கு இன்னும் உரக்கக் கேட்டிருக்கும். மேலாண்மை ஆணையம் ஜூன் 1-ல்தான் அரசிதழில் வந்தது.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். மே 5 வணிகர் தினம். பேரவை, பேரமைப்பு என்று பிரிந்த பிறகு ஒரே நாளில் தனித்தனி மாநாடுகள் நடந்தன. எந்தப் பக்கம் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. குறையானாலும், ஆன்லைன் வியாபாரத்தின் போட்டியானாலும், இரண்டு பேர் தனித்தனியாகப் போய் மனுக் கொடுத்தால் அதிகாரி இருவரையும் உட்காரவைத்து அனுப்பிவிடுவார்.

ஆகவே ஊர்ச் சங்கங்களுக்கு நம் யோசனை இது. கடையடைப்புக்கு அழைப்பு வந்தால் நிர்வாகக் குழு கூடி மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் எழுதி முடிவு செய்யட்டும். தண்ணீர், நிலம், வணிகம் ஆகியவற்றுக்கானது என்றால் மருந்துக்கடை, பால் நீங்கலாக எல்லோரும் சேர்ந்து அடைப்போம். கட்சித் தகராறு என்றால் முன்கூட்டியே போலீசில் எழுத்துமூலம் பாதுகாப்புக் கேட்டுக் கடையைத் திறப்போம். நன்கொடையைத் தனித்தனியாகக் கொடுக்காமல் சங்கத்தின் மூலம் கொடுப்போம். இன்ஷூரன்ஸ் பாலிசியில் கலவரச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். சரக்கு இருப்புப் புத்தகத்தை அன்றன்று எழுதுங்கள். நஷ்டஈடு கேட்கும்போது பேசப்போவது அந்தப் புத்தகம்தான்.

ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும், எந்த அணியானாலும், நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஐயா, உங்களுக்குள் சண்டை வந்தால் எங்கள் தொகுதிக்கு யார் பொறுப்பு?" இதைத் தஞ்சைக்காரர்கள் கேட்டால் அதற்கு ஒரு வருடம் எட்டு மாதக் கணக்கு ஆதாரமாக இருக்கிறது.