மின்இணைப்பு இல்லாத இடத்தில் கேரவன்: குளிர்சாதனப் பெட்டிக்கு எவ்வளவு பேட்டரி தேவை?

கேரளமும் மகாராஷ்டிரமும் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை வகுத்தன. கேரவன் பூங்காவில் வண்டியை நிறுத்தினால் மின்இணைப்பு கிடைக்கும். லடாக்கின் மலைப்பாதையிலோ, கட்ச் ரண் உப்புப் பாலைவனத்தின் ஓரத்திலோ இரவைக் கழிப்போருக்கு அந்த வசதி இல்லை. சமைத்த உணவு கெடாமல் இருப்பது, நீரிழிவு நோயாளியின் இன்சுலின் வீரியம் குறையாமல் இருப்பது, மறுநாள் காலை வண்டி கிளம்புவது ஆகிய மூன்றும் அங்கு பேட்டரியை நம்பியே உள்ளன.

பேட்டரியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற பெட்டியைத் தேடுவது தலைகீழான வரிசையாகும். முதலில் பெட்டியைத் தேர்வு செய்து, அது நாளொன்றுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் எடுக்கும் எனக் கணக்கிட வேண்டும். வீட்டு மின்கட்டணத்தில் நாம் காணும் அதே யூனிட்தான் இது: 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட்.

எந்தப் பெட்டி?

சந்தையில் மூன்று வகைகள் உள்ளன. விலை குறைந்தது, அரைக்கடத்தித் தகட்டால் குளிரூட்டும் சிறிய 'கூலர்' பெட்டி. இது வெளி வெப்பநிலையைவிட ஏறத்தாழ 20 டிகிரி மட்டுமே குறைக்கும். வெளியே 42 டிகிரி என்றால் உள்ளே 22 டிகிரி. பால் கெட்டுவிடும். இடைவிடாது ஓடுவதால் மின்சாரமும் வீணாகும்.

இரண்டாவது வகை, எரிவாயு, 12 வோல்ட், 230 வோல்ட் ஆகிய மூன்றிலும் இயங்கக்கூடியது. ஓசையின்றி இயங்கும் என்பது இதன் சிறப்பு. எனினும் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். கடும் வெயிலில் குளிர்ச்சி குறையும். உயரமான மலைப்பகுதிகளில் எரிவாயுச் சுடர் சரியாக எரியாது. புகை வெளியேறும் வழி முறையாக அமையாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கி, உறங்குவோரின் உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தியச் சாலைகளுக்கு இது பொருத்தமான தேர்வு அல்ல.

எஞ்சியது 12 அல்லது 24 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் கம்ப்ரசர் பெட்டி. விலை அதிகம் என்றாலும் வெயிலிலும் சரிவிலும் உயரத்திலும் இது கைகொடுக்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை இன்வெர்ட்டர் வழியாக இயக்கினால் என்ன என்ற கேள்வி எழலாம். இயக்கலாம். ஆனால் இன்வெர்ட்டரிலேயே 10 முதல் 15 சதவீத மின்சாரம் இழப்பாகும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும்.

கணக்கு இதுதான்

40 லிட்டர் கம்ப்ரசர் பெட்டி, ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கிறது எனக் கொள்வோம். இதமான வானிலையில் நாளில் 8 மணி நேரம் ஓடினால் 0.36 யூனிட். கோடையில் 14 மணி நேரம் ஓடினால் 0.63 யூனிட். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், கைப்பேசி ஆகியவற்றுக்கு 0.27 யூனிட் ஒதுக்கினால், கோடைக்கால நாளொன்றின் தேவை 0.9 யூனிட் ஆகும். வெயிலே இல்லாத இரண்டு நாள்களைச் சமாளிக்க 1.8 யூனிட் கையிருப்பு வேண்டும்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1.2 யூனிட் அடங்கும். ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் அடிக்கடி தீர்த்தால் அதன் ஆயுள் குறுகிவிடும். ஆகவே 300 ஆம்பியர்-மணி தேவைப்படும். எடை 100 கிலோவைத் தாண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம் என்பதால் 200 ஆம்பியர்-மணி போதும். எடையும் அதில் நான்கில் ஒரு பங்கு அளவே.

லடாக் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகப் பாதிக்கப்படும். குளிரில் சார்ஜ் ஏறுவதைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு உள்ளதா எனக் கேட்டு வாங்குவதும், பேட்டரியை வண்டிக்குள்ளேயே பொருத்துவதும் அவசியம்.

300 வாட் சோலார் பேனல், நல்ல வெயில் நாளில் இழப்புகள் போக ஏறத்தாழ ஒரு யூனிட் தரும். பருவமழையின்போது அதில் பாதிகூடக் கிடைக்காத நாள்கள் உண்டு. இதில் ஒரு முரண்பாடும் உள்ளது: மர நிழலில் நிறுத்தினால் பெட்டி குறைவாக ஓடும், கூரையில் உள்ள பேனலோ வேலை செய்யாது. நீளமான கம்பியுடன் வெயிலில் விரித்து வைக்கக்கூடிய மடிப்பு பேனல் இதற்குத் தீர்வாகும்.

வண்டி கிளம்பாமல் போனால்

வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியிலேயே பெட்டியை இரவு முழுவதும் இயக்குவது மிகப் பெரிய தவறு. கைப்பேசி சிக்னல் இல்லாத இடத்தில் காலையில் இன்ஜின் கிளம்பாவிட்டால் உதவிக்கு யாரையும் அழைக்க முடியாது. தனி பேட்டரி வைத்து, ஓட்டத்தின்போது அது சார்ஜ் ஆகும் வகையில் 'டிசி-டிசி சார்ஜர்' பொருத்த வேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருத்தல் வேண்டும். மெல்லிய கம்பியில் வோல்ட் அழுத்தம் குறைவதால், பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கருதிப் பெட்டி தானாக நின்றுவிடுவதும் உண்டு. பெட்டி பழுதென எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் கம்பியைப் பார்ப்பது நல்லது.

திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. எனவே, குளிர்த்தகட்டை ஒட்டி அதை வைக்காமல், நடுவில் ஒரு டப்பாவுக்குள் சிறிய வெப்பமானியுடன் வைக்கலாம். பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணும் உள்ளே நிலவும் வெப்பநிலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, பெட்டியை நிரப்பி, வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, வெளி மின்இணைப்பின்றி 48 மணி நேரம் இயக்கிப் பார்க்கலாம். அப்போது பேட்டரி தீர்ந்தாலும், பாலும் மருந்தும் வீட்டுப் பெட்டிக்கு மாறிவிடும்.